ஒரு மீட்டர் ரப்பர் குழாய்

பெரியப்பாவின் காடி ஒழுக ஆரம்பித்து ஒரு வருஷம் ஆகிறது. மலேசியாவில் நாங்கள் காரைக் காடி என்றுதான் சொல்வோம். இது 1981ஆம் வருடத்து மெர்சிடிஸ் 200டி. பழைய கார் பிரியர்கள் டபிள்யூ 123 என்று அழைக்கும் ரகம். நாலு சிலிண்டர் டீசல் எஞ்சின், 60 குதிரைத்திறன். மேட்டில் ஏறும்போது பின்னால் வரும் சின்னக் காடிகள்கூட ஹாரன் அடிக்கும். ஆனால் 1976இலிருந்து பத்து வருடத்தில் இந்த ரகத்தில் ஏறக்குறைய 27 லட்சம் கார்கள் செய்தார்கள்; உலகம் முழுக்க டாக்சிக்காரர்கள் இதை நம்பிப் பிழைத்தார்கள். பெரியப்பாவும் அவர்களில் ஒருவர். பட்டர்வொர்த்திலிருந்து ஈப்போவுக்கும் அலோர் ஸ்டாருக்கும் தூரவழி டாக்சி ஓட்டியவர். டாக்சியை விட்ட பிறகு, அதே இனத்துக் காடி ஒன்றைச் சொந்தத்துக்கு வாங்கி வைத்துக்கொண்டார்.

அது நிற்கிற இடம் பினாங்கில், சூலியா தெருவிலிருந்து பிரியும் ஒரு சந்து. பாய் கடைக்குப் பின்பக்கம். பாய் இப்போது வெள்ளைக்கார இளசுகளுக்கு மோட்டார் சைக்கிள் வாடகைக்கு விடுகிறார். ஒரு காலத்தில் டீசல் மெக்கானிக். பெரியப்பாவின் டாக்சிகளுக்கு அவர்தான் வைத்தியர். அந்தப் பழக்கத்தில் காடிக்கு இடம் கொடுத்திருக்கிறார்.

முதலில் காலையில் ஸ்டார்ட் ஆக நேரம் பிடித்தது. அப்புறம் எஞ்சின் தலையில் ஈரம். பிறகு அஞ்சடியில், அதாவது கடைவரிசைக்கு முன்னால் ஓடும் ஐந்தடி நடைபாதையில், டீசல் கறை. பாய் குனிந்து விரலால் தொட்டு முகர்ந்து பார்த்தார்.

"ஓஸ் போச்சு தம்பி. எல்லாத்தையும் மாத்திருங்க."

எதை மாற்ற வேண்டும் என்று சொல்லிவிடுகிறேன், கதை அதில்தான் இருக்கிறது. டாங்கியிலிருந்து டீசல் ஒரு ரப்பர் குழாய் வழியாக உறிஞ்சப்பட்டு, ஒரு சின்னக் கண்ணாடி போன்ற வடிகட்டியைக் கடந்து, பம்புக்கு வருகிறது. பம்பிலிருந்து இன்ஜெக்டர்களுக்கு இரும்புக் குழாய். அங்கே அழுத்தம் நூறு பாருக்கு மேல், ரப்பர் தாங்காது. இன்ஜெக்டருக்குள் ஒரு ஊசி ஏறி இறங்கி டீசலைப் புகைபோலத் தூவுகிறது. தூவாமல் ஊசியின் பக்கவாட்டில் கசிகிற மிச்சம் கொஞ்சம் உண்டு. ஊசிக்கு அதுதான் மசகு. அந்த மிச்சத்தை இன்ஜெக்டரிலிருந்து இன்ஜெக்டருக்குக் கடத்தித் திரும்ப அனுப்புவது, துணி பின்னிய ஒரு மெல்லிய ரப்பர் குழாய். உள்விட்டம் 3.2 மில்லிமீட்டர். நாலு இன்ஜெக்டருக்கும் சேர்த்து ஒரு மீட்டர்கூட ஆகாது. கடைசி இன்ஜெக்டரின் சும்மா நிற்கும் மூக்கை ஒரு சின்ன ரப்பர் மூடி அடைத்துக்கொண்டிருக்கும். நாற்பது வருடத்தில் காய்ந்து வெடிப்பது இந்த மெல்லிய குழாய், அந்த மூடி, டாங்கிப் பக்கத்துத் தடிக் குழாய், ஆக மூன்றுதான். மெல்லிய குழாய் வெடித்தால் டீசல் வெளியே போகும். உறிஞ்சும் குழாய் வெடித்தால் காற்று உள்ளே வரும். எங்கள் காடியில் இரண்டும் நடந்தன.

நான் போய் ஒரு கடையில் குழாய் வாங்கினேன். அளவு சரியாக இருந்தது. டீசலுக்கா என்று கேட்டேன், டீசலுக்குத்தான் என்றார்கள். குழாயின் மேல் எழுத்து எதுவும் இல்லை. அது ஒரு எச்சரிக்கை என்று அன்றைக்குத் தெரியவில்லை. கத்தரித்து மாட்டி, ஸ்டார்ட் செய்து, பெருமையோடு வீட்டுக்குப் போனேன். ஐந்தே மாதம். திரும்பவும் அஞ்சடியில் கறை. மூடியைத் திறந்து பார்த்தால் புதுக் குழாய் மழையில் நனைந்த அப்பளம் மாதிரி உப்பி, மூக்கிலிருந்து தானே வழுக்கி இறங்கியிருந்தது. பழைய ஜெர்மன் குழாய் செத்துப்போக நாற்பது வருடம் எடுத்துக்கொண்டது.

பாய் அதை வாங்கி நசுக்கிப் பார்த்தார். "இப்ப வர்ற டீசல்ல பாமாயில் இருக்கு தம்பி. சாதா ரப்பரத் தின்னுரும்."

அஞ்சடியில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்த பெரியப்பா சிரித்தார். "பால்மரத்தத் தின்னது பத்தலையா அதுக்கு?"

இந்த ஒரு வாக்கியத்தைத்தான் ஒரு வருடமாகத் தூக்கிக்கொண்டு அலைகிறேன்.

*

தமிழ்நாட்டு வாசகருக்கு: பால்மரம் என்றால் ரப்பர் மரம். பால் வெட்டுவது என்றால் அதன் பட்டையைச் சீவுவது. பால் சொட்டும் கிண்ணம் 'மங்கு', மலாய் மங்குக்கிலிருந்து வந்த சொல். விடியற்காலை பெயர்ப் பதிவு 'பெரட்டு'. ஆங்கிலப் பரேடு தமிழன் வாயில் பட்ட பாடு. கோட்டில் காய்ந்து ஒட்டியிருப்பது 'ஒட்டுப்பால்'. அதன் நாற்றம் பிடித்த மூட்டையைச் சுமந்தவர்களை டவுன் பஸ்ஸில் யாரும் பக்கத்தில் உட்காரவிட மாட்டார்கள் என்று அம்மா சொல்வாள். அம்மா பால் வெட்டியவள். பாட்டி பால் வெட்டியவள். சுங்கை பட்டாணிப் பக்கம் ஒரு தோட்டம். பெரியப்பாவும் அதே லயத்தில் பிறந்தவர்தான். பதினெட்டு வயதில் டிரைவர் லைசென்ஸ் எடுத்துக்கொண்டு தப்பித்தார்.

ரப்பருக்கும் மோட்டார் காருக்கும் உள்ள உறவு எல்லோருக்கும் தெரிந்ததுதான். 1876இல் ஹென்றி விக்காம் பிரேசிலிலிருந்து ஏறக்குறைய 70,000 விதைகளை லண்டன் கியூ தோட்டத்துக்குக் கொண்டுவந்தார். அடுத்த வருடம் அதில் முளைத்த 22 கன்றுகள் சிங்கப்பூர் வந்தன. சில கன்றுகள் பேராக்கில் கோலகங்சாருக்குப் போயின. அவற்றில் ஒன்று என்று காட்டப்படும் மரம் இன்னும் அந்த ஊரில் நிற்கிறது. 1888இல் சிங்கப்பூர்த் தாவரவியல் பூங்காவுக்கு வந்த ஹென்றி ரிட்லி, மரத்தைக் கொல்லாமல் பட்டையைத் தினமும் மெல்லச் சீவிப் பாலெடுக்கும் முறையை உருவாக்கினார். பை நிறைய விதைகளோடு தோட்டக்காரர்களைத் துரத்தித் துரத்திப் போனதால் 'பைத்தியக்கார ரிட்லி' என்று பெயர். அதே 1888இல்தான் டன்லப் காற்றடைத்த டயருக்குக் காப்புரிமை வாங்கினார். சைக்கிள், பிறகு கார். மலாயாவில் காடு எரிந்தது, பால்மரம் நிரை பிடித்தது, சீவுவதற்கு ஆள் தேவைப்பட்டது. கங்காணிகள் தஞ்சாவூர், திருச்சி, சேலம், வட ஆற்காட்டுக் கிராமங்களுக்குப் போனார்கள். மிச்சம் எங்கள் வீட்டுக் கதை.

ஆனால் டயரோடு கதையை முடித்துக்கொள்வதால் நாம் ஒன்றைக் கவனிப்பதில்லை. நம் ஆட்கள் சீவிய ரப்பரால் காரின் காலைச் செய்ய முடிந்தது. அதன் ரத்தக் குழாயைச் செய்ய முடியவில்லை.

காரணம் எளிது. இயற்கை ரப்பரும் பெட்ரோலும் வேதியியல் முறையில் சொந்தக்காரர்கள். இரண்டும் மின்முனைவு இல்லாத ஹைட்ரோகார்பன்கள். இனம் இனத்தோடு கரையும். 1823இல் ஸ்காட்லாந்தின் சார்லஸ் மெக்கிண்டாஷ் மழைக்கோட்டு செய்தது நிலக்கரித் தாரிலிருந்து வடித்த நாப்தாவில் ரப்பரைக் கரைத்துத் துணியில் பூசித்தான். பஞ்சர் கடையில் 'சொல்யூஷன்' என்று தடவுவார்களே, அதுவும் இந்த வித்தைதான். 1839இல் சார்லஸ் குட்இயர் கந்தகம் சேர்த்துக் காய்ச்சி ரப்பரை உறுதியாக்கும் வழியைக் கண்டார். அதற்குப் பிறகு அது கரைந்து ஓடாது. ஆனாலும் பெட்ரோலிலோ டீசலிலோ போட்டால் குடித்துக் குடித்து உப்பும். என் ஐந்து மாதக் குழாய் மாதிரி. அதனால்தான் ஆரம்பகாலக் கார்களில் எரிபொருள் செப்புக் குழாயிலும் பித்தளைக் குழாயிலும் ஓடியது. அசைகிற எஞ்சினையும் அசையாத சட்டத்தையும் இணைக்க ஒரு வளைகிற குழாய் வேண்டும். எண்ணெய் குடிக்காத ரப்பர் ஒன்று வேண்டும். அது மரத்தில் சுரக்கவில்லை.

1930களில் ஜெர்மனியின் ஐ.ஜி. ஃபார்பன் அதைச் சமைத்தது. பூடாடையீனோடு அக்ரிலோநைட்ரைல் என்ற மின்முனைவு உள்ள பொருளைச் சேர்த்தார்கள். அந்த முனைவுதான் எண்ணெயைத் தள்ளி நிறுத்தும் காவல்காரன். பூனா என் என்று பெயர் வைத்தார்கள். இன்று நைட்ரைல் ரப்பர். அமெரிக்காவில் டூபான்ட் நிறுவனத்தில் வேறு வழியில் நியோபிரீன் வந்தது. ஜெர்மனிக்கு இதில் எண்ணெய் மட்டும் நோக்கம் இல்லை. மலாயாவிலும் இலங்கையிலும் டச்சு இந்தியத் தீவுகளிலும் இருந்த பால்மரங்களை எதிரியின் கப்பற்படை காவல் காத்தது. மரம் இல்லாமல் ரப்பர் வேண்டும் என்பது ஒரு யுத்தத் திட்டம்.

*

பாய் கடைச் சந்திலிருந்து சூலியா தெருவுக்கு வந்து இடப்பக்கம் திரும்பிக் கடலை நோக்கி நடந்தால், பீச் ஸ்ட்ரீட்டைத் தாண்டிய பிறகு தெருவின் பெயரோடு 'காட்' என்று ஒரு ஒட்டு சேர்ந்துகொள்ளும். நம் ஊர்ப் படித்துறையின் வடநாட்டுப் பெயர்தான் அது. கப்பல்காரர்களோடு இங்கே வந்து இறங்கியிருக்கிறது. அந்தத் துண்டில் இரும்புக் கடைகள், கப்பல் சாமான் கடைகள். சங்கிலி, கயிறு, வால்வு, ஓஸ். இரண்டாவது முறை குழாய் தேடி அங்கேதான் அலைந்தேன்.

1786இல் பிரான்சிஸ் லைட் பினாங்கைப் பிடித்து நகரத்துக்குக் கோடு கிழித்தபோது நாலு எல்லைத் தெருக்கள்: லைட், பீச், பிட், தென்கோடியில் மலபார் தெரு. அந்த மலபார் தெருதான் 1798இல் சூலியா தெரு ஆயிற்று. சூலியா என்பது சோழியர் என்பதிலிருந்து வந்தது என்பது பலர் கருத்து. சோழமண்டலக் கரையிலிருந்து வந்த தமிழ் முஸ்லிம் வணிகர்களையும் மாலுமிகளையும் அது குறித்தது. 1801இல் காதர் மைதீன் மரைக்காயர் தலைமையில் கப்பித்தான் கிளிங் பள்ளிவாசல் எழுந்தது. கிங் ஸ்ட்ரீட் மூலையில் நாகூர் ஆண்டவருக்கு ஒரு சின்ன தர்கா. கடலைத் தாண்டி வந்தவன் முதலில் நன்றி சொல்கிற இடம். சீனர்கள் இதே தெருவை மாட்டுக்கொட்டில் என்ற பொருள்பட அழைக்கிறார்கள். இந்தியர்கள் மாடு கட்டியதன் நினைவு. ஒரு தெரு, ஆளுக்கு ஒரு பெயர்.

இந்தத் தெருவைக் காட்டி 'தமிழனின் 200 வருட வரலாறு' என்று பேசும்போது எனக்குக் கொஞ்சம் கூச்சமாக இருக்கும். பாயின் முன்னோரும் என் பாட்டியும் ஒரே கடற்கரையிலிருந்துதான் வந்தார்கள். 1926 முதல் 1973 வரை ஓடிய ராஜுலா கப்பல் இரண்டு வகை ஆட்களையும் நாகப்பட்டினத்தில் ஏற்றிக்கொண்டது. ஆனால் பினாங்கில் இறங்கும்போது வழி பிரிந்தது. வணிகர் சூலியா தெருவுக்கு வந்தார். கூலிக்காரர் ஜெரெஜாக் தீவில் நோய்த்தடை முகாமில் அடைபட்டு, பிறகு நேராகத் தோட்டத்துக்கு அனுப்பப்பட்டார். பாட்டி சாகும்வரை சூலியா தெருவைப் பார்த்ததில்லை. பெரியப்பா அதை முதலில் பார்த்ததே டாக்சிக்கு மாற்று உதிரிப்பாகம் தேடி வந்தபோதுதான்.

1941 டிசம்பர் 11 அன்று ஜப்பான் விமானங்கள் இந்த நகரத்தில் குண்டு போட்டன. வேடிக்கை பார்க்கத் தெருவில் நின்ற சனம் கொத்தாகச் செத்தது. 1942 பிப்ரவரி 15இல் சிங்கப்பூர் விழுந்தது. உலகத்தின் இயற்கை ரப்பரில் மிகப் பெரும் பகுதி ஒரே அடியில் ஜப்பான் கைக்குப் போனது. அமெரிக்கா பதறிப்போய்த் தொழிற்சாலைகளை எழுப்பியது. யுத்தத்துக்கு முன் சில ஆயிரம் டன்னாக இருந்த அதன் செயற்கை ரப்பர் உற்பத்தி, யுத்தம் முடிவதற்குள் வருடத்துக்கு ஏழு லட்சம் டன்னைத் தாண்டியது.

இங்கே மரங்கள் சும்மா நின்றன. வாங்க ஆளில்லை. தோட்டத்தில் அரிசி இல்லை, மரவள்ளி தின்றார்கள். ஆண்களைச் சயாம் ரயில் போடப் பிடித்துக்கொண்டு போனார்கள். போன பல்லாயிரம் தமிழரில் பெரும் பகுதி திரும்பவில்லை. சயாம் மரண ரயில் பற்றி நம்மிடம் இப்போது நாவல்கள், நேர்காணல்கள் எல்லாம் உண்டு. ஆனால் அதே நான்கு வருடத்தில் ஓஹையோவிலும் டெக்சாஸிலும் நடந்ததையும் சேர்த்து வாசிக்க வேண்டும் என்று நினைக்கிறேன். தண்டவாளத்தில் செத்தவர்கள் திரும்பி வந்திருந்தாலும், அவர்கள் விட்டுப்போன வேலையின் விலை உலகச் சந்தையில் ஏற்கனவே இறங்கிவிட்டிருந்தது. 1960களில் செயற்கை ரப்பர் இயற்கை ரப்பரை முந்தியது. விலை தளர்ந்தது. மலேசியத் தோட்டங்கள் வேறு பயிரைத் தேடின.

*

அந்தப் பயிர் செம்பனை. மலாயாவில் அதை வணிகத்துக்காக முதலில் நட்டது 1917இல், கோலசிலாங்கூர்ப் பக்கம், டென்னமாரம் தோட்டத்தில். பெயரை உரக்கச் சொல்லிப் பாருங்கள். நம் காதில் தென்னமரம் என்றுதான் விழும். நட்டவர் ஹென்றி ஃபோகோனியே என்ற பிரெஞ்சுக்காரர். பிற்பாடு மலாயாவை வைத்து நாவல் எழுதி 1930இல் கோன்கூர் பரிசு வாங்கியவர். செம்பனைக்கு அன்று யாரும் பெரிய மரியாதை கொடுக்கவில்லை. 1960களுக்குப் பிறகுதான் அரசாங்கமும் கம்பெனிகளும் வேகம் எடுத்தன. 1980களின் கடைசி வரை உலகத்திலேயே அதிகம் ரப்பர் எடுத்த நாடு மலேசியா. அந்த மகுடம் போன காலத்தில்தான் எங்கள் தோட்டத்திலும் புல்டோசர் வந்தது.

பால்மரத்துக்கும் செம்பனைக்கும் ஒரு முக்கியமான வித்தியாசம் ஆள் கணக்கு. பால்மரத்தைத் தினமும் சீவ வேண்டும். ஒவ்வொரு மரத்துக்கும் ஒரு கை வேண்டும். அதில் பாதிக்கு மேல் பெண் கை என்று அம்மா சொல்வாள், எங்கள் தோட்டத்தைப் பொறுத்தவரை நான் நம்புகிறேன். செம்பனையில் பத்துப் பதினைந்து நாளுக்கு ஒரு தடவை வந்து நீளக் கம்பில் கத்தி கட்டிக் குலையை இறக்கினால் போதும். ஆள் குறைவு, ஆணுக்கான வேலை. பெண்களுக்கு மிஞ்சியது உதிரிப் பழம் பொறுக்குவதும் களைக்கொல்லி தெளிப்பதும். அம்மா ஒரு வருடம் மருந்து தெளித்தாள். நகம் கறுத்தது. பிறகு கோலிக்கொண்டு டவுனுக்கு வந்துவிட்டோம். லயத்தை இடித்த அன்று யாரும் போய்ப் பார்க்கவில்லை. போய்ப் பார்க்கும் அளவுக்கு அது அழகான வீடும் இல்லை.

அதற்குள் அந்த எண்ணெயை எஞ்சினுக்குள் ஊற்றும் ஆராய்ச்சியும் தொடங்கியிருந்தது. மலேசியச் செம்பனை எண்ணெய் ஆராய்ச்சிக் கழகமான போரிம் 1980களிலேயே செம்பனை எண்ணெயை மெத்தில் எஸ்டராக மாற்றி மெர்சிடிஸ் பென்ஸ் பஸ்களில் ஓட்டிப் பார்த்தது. பெரியப்பா காடியின் பெரிய சகோதரர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். 2006இல் எஸ்டராக மாற்றாமல் எண்ணெயையே நேராகக் கலந்த 'என்வோ டீசல்' என்று ஒன்றை அரசு அறிமுகப்படுத்தியது. எஞ்சின் உற்பத்தியாளர்கள் ஒத்துக்கொள்ளாததால் அது நிலைக்கவில்லை. 2007இல் உயிரி எரிபொருள் தொழில் சட்டம் வந்தது. 2011இல் நூற்றுக்கு 5 பங்கு கலந்த பி5 டீசல், பிறகு பி7. 2019 பிப்ரவரியிலிருந்து போக்குவரத்துக்கு பி10. விலை விழும்போது உபரி செம்பனை எண்ணெய்க்கு ஒரு வடிகால் வேண்டும், அது டாங்கி. சுற்றுச்சூழல் என்ற வார்த்தையும் சேர்த்துச் சொல்வார்கள்.

இப்போது அந்த நைட்ரைல் காவல்காரனை நினைத்துக்கொள்ளுங்கள். டீசல் முனைவு இல்லாதது. அதைத் தடுத்து நிறுத்தத்தான் ரப்பருக்கு முனைவு கொடுத்தார்கள். ஆனால் எஸ்டருக்குக் கொஞ்சம் முனைவு உண்டு. காவல்காரனின் மொழி அதற்குத் தெரியும். அதனால் அது பழைய நைட்ரைல் குழாய்க்குள் மெதுவாக நுழைந்து உப்பவைக்கிறது, இளக்குகிறது. இயற்கை ரப்பர் கலந்த மட்டக் குழாய் என்றால் கேட்கவே வேண்டாம்; டீசல் ஒரு பக்கம், எஸ்டர் ஒரு பக்கம். டாங்கியின் அடியில் நாற்பது வருடமாகப் படிந்த அழுக்கையும் எஸ்டர் கழுவிக் கிளப்பும். எங்கள் வடிகட்டி கறுப்பாகிப் போனது அதனால்தான். 

இந்தியாவிலும் இதே பாடு பெட்ரோலில் நடக்கிறது. 20 சதம் எத்தனால் கலந்த இ20 வந்த பிறகு பழைய பைக்குகளின் ரப்பர்ப் பாகங்கள் பற்றி எவ்வளவு சண்டை. அந்த எத்தனாலின் ஒரு பெரிய மூலம் கரும்பு. மலாயாவுக்குத் தமிழன் முதலில் கூலியாக வந்ததே கரும்புக்குத்தான். பினாங்குக்கு எதிர்க்கரையில் புரவின்ஸ் வெல்லெஸ்லியின் கரும்புத் தோட்டங்களுக்கு, ரப்பருக்கு அரை நூற்றாண்டு முன்பே. நாங்கள் கூலிக்குப் போன பயிர்களில் இரண்டு இன்று எரிபொருளாக டாங்கிக்குள் இருக்கின்றன, ஒன்று சக்கரத்தில் இருக்கிறது.

சொன்னதும் அழகாக இருக்கிறது, இல்லையா? அதனால்தான் இதை நான் சந்தேகப்படுகிறேன். என் சின்னம்மா மகனிடம் சொன்னபோது அவன் உடனே, 'பாமாயில் ரப்பரப் பழிவாங்குது' என்று ஒரு கவிதை எழுதிவிடலாம் என்றான். எழுத முடியாது. செம்பனையும் நம் ஆட்கள் இறக்கியதுதான். இன்றைக்கு இந்தோனேசியரும் வங்கதேசத்தவரும் இறக்குகிறார்கள். எண்ணெய்க்கு யார் மேலும் பகை இல்லை. குழாயைத் தின்றது எஸ்டர். லயத்தை இடித்தது கம்பெனிக் கணக்கு. இரண்டையும் ஒரே வினைச்சொல்லில் சொல்லும் உரிமை பெரியப்பாவுக்கு இருக்கிறது. எனக்கு இருக்கிறதா என்று தெரியவில்லை. நான் பால் வெட்டியதில்லை.

*

சரியான குழாய் கிடைக்க மூன்று வாரம் ஆனது. கேட்க வேண்டியது ஃப்ளோரோ எலாஸ்டமர். டூபான்ட் 1957இல் வைட்டான் என்ற பெயரில் விற்க ஆரம்பித்த இனம். ஃப்ளோரின் அணுக்கள் போர்த்திய ரப்பர். டீசலும் சரி, எஸ்டரும் சரி, அதைச் சீண்டுவது மிகவும் சிரமம். விலை சாதாக் குழாயைப் போலப் பல மடங்கு. உள்பூச்சு மட்டும் அந்த இனத்தில் இருந்தாலும் போதும்; குழாயின் மேல் அச்சடித்த எழுத்தைப் படித்து வாங்க வேண்டும். 2024 ஜூன் 10 அன்று தீபகற்பத்தில் டீசல் லிட்டர் 2 வெள்ளி 15 காசிலிருந்து 3 வெள்ளி 35 காசுக்கு ஒரே நாளில் ஏறியதிலிருந்து, ஒழுகுகிற ஒவ்வொரு சொட்டும் பெரியப்பாவுக்குத் தனியாகக் கேட்கிறது. அதனால் விலையைப் பற்றி வாய் திறக்கவில்லை.

பாய் ஒரு நிபந்தனை போட்டார். இன்ஜெக்டரைக் கழற்றாமல் குழாயை மட்டும் மாற்றுவது வாய் கொப்பளித்துவிட்டுச் சொத்தைப் பல்லை விட்டுவைப்பது மாதிரியாம். சரி என்றேன். 17 எண் ஸ்பேனரில் இரும்புக் குழாய்களை விடுவித்தோம். 27 எண் நீள சாக்கெட்டில் இன்ஜெக்டர்கள் முனகிக்கொண்டு வந்தன. ஒவ்வொன்றின் அடியிலும் ஒரு சின்னக் குழிவான எஃகு வட்டு உண்டு, எரிப்பறையின் சூடு நோசிலுக்கு ஏறாமல் தடுப்பதற்கு. ஒருமுறை நசுங்கியதைத் திரும்பப் போடக்கூடாது. நான் துடைத்து வைத்துக்கொண்டிருந்ததைப் பாய் பிடுங்கிச் சாக்கடையில் போட்டார். இன்ஜெக்டர்களை அக்கரைக்குக் கொண்டுபோய் ஒரு பம்ப் கடையில் சோதித்தோம். மூன்று சுமாராகத் தூவின. நாலாவது தூவவே இல்லை, ஒழுகும் குழாய் மாதிரி சொட்டியது. நாலுக்கும் புது நோசில் போட்டோம்.

திரும்ப மாட்டும்போது பாய் என்னையே செய்யவிட்டார். புது வட்டு, இன்ஜெக்டர், 70இலிருந்து 80 நியூட்டன்மீட்டர் இறுக்கம். டார்க் ரெஞ்ச் டக் என்றதும் நிறுத்தினேன். "கையே சொல்லிரும், அது எதுக்கு" என்றார் பாய். புதுக் குழாயை மூன்று துண்டாக நறுக்கி மூக்குகளில் ஏற்றினேன். திரும்பும் முனைக்கு ஒரு துண்டு, கடைசி மூக்குக்குப் புது மூடி. டாங்கிப் பக்கத்துத் தடிக் குழாயும் மாற்றினோம். கைப்பம்பை அமுக்க அமுக்க, கண்ணாடி வடிகட்டிக்குள் குமிழிகள் பொங்கின, குறைந்தன, நின்றன.

இதற்கு நடுவில் இரண்டு வெள்ளைக்காரப் பெண்கள் மோட்டார் சைக்கிள் கேட்டு வந்தார்கள். பாய் கை துடைத்துக்கொண்டு போனார். இந்த வரிசையில் மெக்கானிக் கடை இப்போது வேறு கிடையாது. 1966ஆம் வருடத்து வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் 2000 தொடக்கத்தோடு முடிந்ததும் பழைய வாடகைக்காரர்கள் பலர் காலி செய்தார்கள். 2008இல் யுனெஸ்கோ பாரம்பரிய நகரம் என்று அறிவித்த பிறகு மிச்சமிருந்த கடைகளும் காப்பிக் கடையும் விடுதியுமாக மாறின. பாய் இருக்கிற வீடு குடும்பத்துப் பழைய சொத்து என்பதால் தங்கியிருக்கிறார். டீசல் கறையைப் பார்த்துப் பக்கத்து விடுதிக்காரர் முகம் சுளிப்பதுண்டு. காடி ஒழுகினால் அது இங்கே நிற்க முடியாது என்பது பெரியப்பாவுக்கும் தெரியும், பாய்க்கும் தெரியும், யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை.

ஸ்டார்ட் செய்தோம். முதல் சுற்றில் இருமியது, இரண்டாவதில் பிடித்தது. பெரியப்பா எழுந்து வந்து எஞ்சின் தலையை விரலால் தடவிப் பார்த்தார். காய்ந்திருந்தது. கீழே கிடந்த ஒரு அங்குலத் துண்டு புதுக் குழாயை எடுத்து, ஒட்டுப்பாலை இழுத்துப் பார்ப்பதுபோல இரண்டு விரலில் இழுத்தார்.

"இது எந்த மரத்து ரப்பர்?"

"மரத்து ரப்பர் இல்ல பெரியப்பா. ஃபேக்டரியில செய்யிறது."

"முழுக்கவா?"

"முழுக்க."

கொஞ்ச நேரம் யோசித்தார். காடியைச் சுற்றி நடந்து, முன் டயரைக் காலால் ஒரு தட்டுத் தட்டினார்.

"அப்ப இதுல மட்டுந்தான் நம்ம சாமான் இருக்கு."

"அதுலயும் பாதி" என்றார் பாய், உள்ளே இருந்தபடி. "லோரி டயர்னா நெறய இருக்கும். காடிக்குக் கம்மிதான் போடுவான்."

பெரியப்பா குனிந்து டயரின் பூவைப் பார்த்தார். பக்கச் சுவரில் மெல்லிய வெடிப்பு ஓடியிருந்தது. இன்னும் ஒரு வருடம் தாங்கும் என்றார் பாய். தாங்காது, தீபாவளிக்குள் மாற்றிவிடலாம் என்றார் பெரியப்பா.